எடை குறைந்தால் உதை கூடும்

அமெரிக்கத் துப்பாக்கிக் கடைகளில் அடிக்கடி காதில் விழும் கோரிக்கை ஒன்று உண்டு. "என் மனைவிக்குக் கை ரொம்பச் சின்னது. கனமில்லாததாக ஒன்று காட்டுங்கள்" என்பார் கணவர். கடைக்காரர் கண்ணாடிப் பெட்டியிலிருந்து உள்ளங்கையில் அடங்கும் ரிவால்வர் ஒன்றை எடுத்து வைப்பார். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனத்தின் 642 என்ற மாதிரி இப்படி எடுத்து வைக்கப்படுவது வழக்கம். அலுமினியக் கலவையில் செய்த உடல், இரண்டு அங்குலத்துக்கும் குறைவான குழல், சுமார் 415 கிராம் எடை. கையில் வாங்கிப் பார்த்தால் இதைவிடப் பொருத்தமானது கிடைக்காது என்றே தோன்றும்.

சுடுதளத்துக்குப் போனதும் கதை மாறுகிறது. ஐந்து தோட்டாக்களைச் சுடுவதற்குள் அந்த அம்மையார் கையை உதறிக்கொண்டு ரிவால்வரைக் கீழே வைத்துவிடுவார். பக்கத்தில் கணவரின் பழைய ரிவால்வர் இருக்கும். அதே நிறுவனம், மாடல் 10, முழுக்க எஃகு, கிட்டத்தட்ட ஒரு கிலோ எடை. அதே .38 ஸ்பெஷல் தோட்டாவை அதில் போட்டுச் சுட்டால் கை அவ்வளவாக வலிப்பதில்லை, குண்டும் இலக்கின் நடுப்பகுதியை நெருங்குகிறது. இரண்டு மடங்கு கனமான ஆயுதம் கைக்கு இதமாகவும், அவருக்கென்றே தேடி வாங்கிய இலேசான ஆயுதம் முரடாகவும் இருப்பது ஏன்?

விடையின் முதல் பாதி இயற்பியலில் இருக்கிறது. மறுபாதி மனிதக் கையின் தசைகளில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் சிறிய கைக்கு எது ஏற்றது என்பது விளங்கும்.

குண்டும் பரிசலும்

ஒகேனக்கல்லில் பரிசலிலிருந்து கரைக்குத் தாவியவர்களுக்கு முதல் பாதி ஏற்கெனவே தெரியும். நாம் முன்னால் தாவும்போது பரிசல் பின்னால் வழுக்கிப் போகிறது. அதே தாவலைப் பெரிய படகிலிருந்து செய்தால் படகு நகர்வதே தெரியாது. தாவுபவரின் எடையும் வேகமும் மாறவில்லை. காலுக்குக் கீழே இருந்ததன் எடை மட்டுமே மாறியது. துப்பாக்கியில் தாவுவது குண்டு, பின்வாங்குவது துப்பாக்கி.

நியூட்டன் 1687-இல் வெளியிட்ட இயக்க விதிகளில் மூன்றாவது இதைத்தான் சொல்கிறது. ஒரு பொருளின் எடையையும் வேகத்தையும் சேர்த்து மதிப்பிடும் அளவுக்கு உந்தம் என்று பெயர். குண்டு முன்னோக்கிப் பெறும் உந்தம் எவ்வளவோ, அதே அளவு உந்தத்தைத் துப்பாக்கி பின்னோக்கிப் பெற்றாக வேண்டும். குழல்வாயிலிருந்து சீறி வெளியேறும் வெடிவாயுவின் உந்தமும் இந்தக் கணக்கில் சேரும். அந்த வாயு கிராமில் மூன்றிலொரு பங்குதான் இருக்கும் என்றாலும், குண்டைவிடப் பல மடங்கு வேகமாகப் பாய்வதால் அதை ஒதுக்க முடியாது. இப்படித் துப்பாக்கி பின்னால் தள்ளப்படுவதைப் பின்னுதைப்பு என்று இந்தக் கட்டுரையில் குறிப்பிடுகிறேன்.

நம் இரண்டு ரிவால்வர்களுக்கும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சற்று வீரியமான .38 ஸ்பெஷல் தோட்டாவில் சுமார் 10 கிராம் எடையுள்ள ஈயக் குண்டு விநாடிக்கு 270 மீட்டர் வேகத்தில் கிளம்பும். வாயுவையும் சேர்த்தால் மொத்த உந்தம் ஏறத்தாழ 3 அலகு. தோட்டாக்கள் நிரப்பிய எஃகு ரிவால்வர் ஒரு கிலோவை ஒட்டி இருப்பதால் அது விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் கையை நோக்கி வரும். நிரப்பிய 642 அரைக் கிலோ என்பதால் 6 மீட்டர் வேகத்தில் வரும். அதன் குட்டைக் குழலில் குண்டு சற்று மெதுவாகப் போகும் என்றாலும் ஒப்பீடு பெரிதாக மாறிவிடாது.

வேகம் இரட்டிப்பாவதோடு விஷயம் முடிந்துவிடவில்லை. நம் கை தடுத்து நிறுத்த வேண்டியது துப்பாக்கியின் இயக்க ஆற்றலை. ஆற்றலைக் கணக்கிடும்போது வேகம் இரண்டு முறை பெருக்கப்படுகிறது, எடை ஒரு முறைதான். ஆகவே எடை பாதியாகி வேகம் இரண்டு மடங்கானால், ஆற்றலும் இரண்டு மடங்காகிவிடும். எஃகு ரிவால்வரில் 4.5 ஜூல், அலுமினிய ரிவால்வரில் 9 ஜூல். ஒரு கிலோ எடை 45 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் முதல் அளவு ஆற்றல் கிடைக்கும். அரைக் கிலோ எடை 1.8 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது நல்ல வளர்த்தியான ஆள் உயரத்திலிருந்து விழுந்தால் இரண்டாவது கிடைக்கும். இலேசாக இருக்கிறதே என்று வாங்கியவர், எடையில் மிச்சம் பிடித்ததை வலியில் கட்டுகிறார்.

இந்தக் கணக்கிலிருந்து இன்னொன்றும் தெரியவரும். பிஸ்டலில் ஒவ்வொரு முறை சுடும்போதும் குண்டும் காலி உறையும் வெளியே போய்விடுவதால் ஆயுதத்தின் எடை குறைந்துகொண்டே வருகிறது. 9 மி.மீ. தோட்டா ஒன்றின் எடை சுமார் 12 கிராம். 400 கிராம் பிஸ்டலில் பத்துத் தோட்டாக்கள் போட்டால் எடை 520 கிராம் ஆகும். கடைசித் தோட்டாவைச் சுடும்போது இதில் நூறு கிராமுக்கு மேல் போயிருக்கும். முதல் தோட்டாவைவிடக் கடைசித் தோட்டாதான் கடுமையாக உதைக்கும்.

ஊசலில் தொங்கிய துப்பாக்கி

இவ்வளவு வேகமாக நடக்கும் ஒன்றை, நுண்கடிகாரமும் அதிவேகக் கேமராவும் இல்லாத காலத்தில் எப்படி அளந்தார்கள்? 1742-இல் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் கனமான மரப் பாளத்தை ஊசலாகத் தொங்கவிட்டு அதன்மீது சுட்டார். குண்டைத் தன்னுள் வாங்கிக்கொண்ட பாளம் பின்னால் ஆடும். எவ்வளவு தூரம் ஆடியது என்பதைப் பாளத்தில் கட்டிய நாடா உருவிக் காட்டும். ஆட்டத்தின் அளவிலிருந்து குண்டின் வேகத்தைக் கணக்கிட்டார். கண்ணால் பார்க்க முடியாத வேகத்தை, கண்ணால் பார்க்கக்கூடிய மெதுவான ஊசலாட்டமாக மாற்றியதுதான் அவருடைய சாமர்த்தியம்.

மாசசூசெட்ஸில் பிறந்து பிற்காலத்தில் ரம்ஃபோர்ட் பிரபு என்று பெயர் பெற்ற பெஞ்சமின் தாம்ஸன் இதை ஒரு படி முன்னே கொண்டுபோனார். அவர் துப்பாக்கியையே தொங்கவிட்டுச் சுட்டு, அது எவ்வளவு பின்னால் ஆடுகிறது என்று அளந்தார். எதிரே இருந்த பாளத்தின் ஆட்டத்தோடு அதை ஒப்பிட்டு, 1781-இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளியிட்டார். குண்டை அளக்காமல் துப்பாக்கியின் உதையை மட்டும் அளந்தே குண்டின் வேகத்தைச் சொல்லிவிடலாம் என்பது அவருடைய வாதம். முன்னே போவதும் பின்னே வருவதும் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள் என்பது இப்படித்தான் சோதனையில் உறுதிப்பட்டது.

எண்ணும் வலியும்

ஜூல் கணக்கு ஒன்றாக இருந்தாலும் இரண்டு துப்பாக்கிகள் கையில் வேறுவேறாக உணரப்படுவது உண்டு. அதற்குக் காரணங்கள் மூன்று.

முதலாவது பரப்பு. ஒல்லியான கைப்பிடி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள மெல்லிய தோல் மடிப்பில் ஒரு குறுகிய பட்டையாக அழுந்தும். அகலமான கைப்பிடி அதே விசையை உள்ளங்கை முழுவதும் பரப்பிவிடும். ரப்பர் கைப்பிடி பரப்பையும் கூட்டுகிறது, நசுங்கும் நேரத்தையும் நீட்டுகிறது. ஒரே உந்தத்தை அதிக நேரத்தில் தடுத்தால் தேவைப்படும் விசை குறையும்.

இரண்டாவது உயரம். குழல் எப்போதும் கைக்குச் சற்று மேலே இருக்கிறது. உதை குழலின் நேர்கோட்டில் பின்னால் வருகிறது, கை அதற்குக் கீழே நின்று தடுக்கிறது. இரண்டு விசைகளும் ஒரே கோட்டில் இல்லாததால் துப்பாக்கி சுழலப் பார்க்கும், குழல்வாய் மேலே எம்பும். இப்படிச் சுழற்றுவதற்குத் திருப்புவிசை என்று பெயர். குழலுக்கும் கைக்கும் உள்ள உயர இடைவெளி கூடக்கூட எம்பல் கூடும். கைப்பிடியில் எவ்வளவு மேலே பிடிக்க முடிகிறதோ அவ்வளவுக்கு எம்பல் குறையும். சுண்டுவிரல் பிடிக்க இடமில்லாத குட்டைக் கைப்பிடியில் இந்தச் சுழற்சியைக் கீழிருந்து இழுத்துப் பிடிக்க ஆளில்லை.

மூன்றாவது சத்தம். துப்பாக்கிச் சத்தத்தின் உச்சம் பொதுவாக 150 டெசிபெலைத் தாண்டும். 140 டெசிபெலே காதுக்கு உடனடிக் கேடு செய்யக்கூடிய எல்லை. குழல் குட்டையானால் வாயு முழுதும் விரிவதற்குள் வெளியேறிவிடுவதால், முகத்துக்கு அருகில் சத்தமும் தீப்பிழம்பும் அதிகம். காதடைப்பான் இல்லாமல் யாரும் சுடுதளத்தில் நிற்கக் கூடாது என்ற விதி இதனால்தான்.

இனி வரும் செய்தி பலருக்கு வியப்பளிக்கும். பின்னுதைப்பு தன்னை உண்டாக்கிய குண்டின் குறியைப் பெரிதாகக் கெடுப்பதில்லை. குட்டைக் குழலைக் கடக்கக் குண்டுக்கு ஒரு மில்லி விநாடிகூட ஆவதில்லை. அது வெளியேறும் வரை துப்பாக்கி பின்னகர்வது ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். பெரிய சத்தம் கேட்டுக் கண் அனிச்சையாக இமைப்பதற்கே 30 மில்லி விநாடிக்கு மேல் ஆகும். நாமே யோசித்துக் கையை அசைக்க 150 மில்லி விநாடியாவது வேண்டும். ஆக, கைக்குச் சேதி போய்ச் சேரும்போது குண்டு காகித இலக்கைத் துளைத்துவிட்டிருக்கும்.

அப்படியானால் குறி தவறுவது எதனால்? உதைக்கு முன்னாலேயே வரும் பயத்தால். இரண்டு முறை வலித்த கை, மூன்றாவது முறை ட்ரிகரை இழுக்கும்போதே இறுகிக் கீழ்நோக்கி வெட்டிவிடுகிறது. இதை நிரூபிக்க அமெரிக்கப் பயிற்சியாளர்கள் எளிய சோதனை ஒன்றைச் செய்வார்கள். மருந்தில்லாத போலித் தோட்டாக்களை உண்மைத் தோட்டாக்களோடு கலந்து, சுடுபவருக்குத் தெரியாமல் நிரப்புவார்கள். போலித் தோட்டா வரும்போது வெடிப்பும் கிடையாது, உதையும் கிடையாது. ஆனாலும் குழல்வாய் கீழே குத்தும். தடுக்க எதுவுமே இல்லாத இடத்தில் கை தடுத்திருக்கிறது என்பது பார்த்தவுடனே புரிந்துவிடும். அதிகம் உதைக்கும் துப்பாக்கியைப் புதிதாகச் சுடுபவரிடம் கொடுப்பதில் உள்ள பெரிய கேடு கைவலி அல்ல, இந்தப் பழக்கம் படிந்துவிடுவதுதான்.

விரலின் நீளம், தசையின் நீளம்

இனிக் கைக்கு வருவோம். அமெரிக்கப் படையினரை 1988-இல் விரிவாக அளந்தபோது, மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனி வரை ஆண்களின் கை சராசரியாக 19.4 சென்டிமீட்டர், பெண்களின் கை சுமார் 18 சென்டிமீட்டர் இருந்தது. ஒன்றரை சென்டிமீட்டர் கூட வித்தியாசமில்லை. ஆனால் ட்ரிகரில் பதிய வேண்டிய விரல்நுனிப் பகுதி இரண்டரை சென்டிமீட்டர்தான். அரைச் சென்டிமீட்டர் எட்டாமல் போனாலும் விரல்நுனியின் சதைப்பகுதி பதிவதற்குப் பதில் நுனி மட்டும் ஒட்டும், இழுப்பு பக்கவாட்டில் கோணும்.

கைப்பிடியின் பின்புறத்திலிருந்து ட்ரிகர் வரையுள்ள தூரத்தை ட்ரிகர் எட்டுதூரம் என்று சொல்லலாம். அது கூடுதலாக இருந்தால், சிறிய கைக்காரர் துப்பாக்கியைக் கையில் சற்றுச் சுழற்றிப் பிடித்து விரலை எட்டவைப்பார். உடனே குழல் முன்கையின் நேர்கோட்டிலிருந்து விலகிவிடும். உதை முன்கை எலும்புகளுக்குப் போகாமல் கட்டைவிரல் மூட்டின்மேல் நேராக விழும். வலிக்கு ஒரு முக்கியக் காரணம் இந்தக் கோணல்தான்.

பிடியின் பருமனுக்கும் வலிமைக்கும் உள்ள தொடர்பு இன்னும் ஆழமானது. கைப்பிடி வலிமையை அளக்கும் ஜமார் கருவியில் பிடியின் அகலத்தை ஐந்து நிலைகளில் மாற்றலாம். பெரும்பாலானோர் மிகக் குறுகிய நிலையிலும் மிக அகலமான நிலையிலும் பலவீனமாகவும், இரண்டாவது அல்லது மூன்றாவது நிலையில் பலமாகவும் அழுத்துவார்கள். காரணத்தை 1966-இல் கார்டன், ஆண்ட்ரூ ஹக்ஸ்லி, ஜூலியன் ஆகிய மூவரும் தவளைத் தசை இழைகளில் காட்டினார்கள். தசைக்குள் இரண்டு வகை நுண்ணிழைகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்து, ஒன்றையொன்று பற்றி இழுக்கின்றன. தசை அதிகம் நீண்டால் படியும் பகுதி குறைகிறது, அதிகம் சுருங்கினால் இழைகள் ஒன்றோடொன்று முட்டுகின்றன. நடுத்தர நீளத்தில்தான் விசை உச்சத்தில் இருக்கும்.

ஆகவே தடித்த கைப்பிடி சிறிய கையின் விரல்களை அகல விரித்துப் பலவீனமாக்கும். மிகமிக ஒல்லியான கைப்பிடி விரல்களை முழுக்க மடக்கி அதே வேலையைச் செய்யும். பெண்களின் பிடிவலிமை சராசரியாக ஆண்களுடையதில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கு என்பது பல அளவீடுகளில் கண்டது. இருப்பதே குறைவு என்னும்போது, பொருந்தாத பிடியால் அதிலும் இழப்பது சரியல்ல. சிறிய கைக்குத் தேவை சிறிய துப்பாக்கி என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் தேவை அளவாக இருக்கும் கைப்பிடி.

இந்தப் பாடத்தை அமெரிக்க ராணுவமே தாமதமாகத்தான் கற்றது. 1985-இல் ஏற்ற பெரெட்டா எம்9 பிஸ்டலின் பருத்த கைப்பிடி சிறிய கையுள்ள வீரர்களுக்குத் தொல்லையாக இருப்பதாகப் புகார் எழுந்துகொண்டே இருந்தது. 2017-இல் அதற்கு மாற்றாகத் தேர்ந்தெடுத்த சிக் சாவர் எம்17 மூன்று அளவுக் கைப்பிடிகளோடு வருகிறது. ஜெர்மனியின் வால்தர் பி99 போன்றவை 1990-களிலேயே கைப்பிடியின் பின்பகுதியைக் கழற்றி மாற்றும் வசதியைக் கொண்டுவந்துவிட்டன. பெண்களுக்கென்று இளஞ்சிவப்பு வண்ணம் பூசி விற்பதைவிட, பத்து நிமிடத்தில் மாற்றக்கூடிய இந்தப் பிளாஸ்டிக் துண்டு கைக்குச் செய்யும் உபகாரம் பெரிது.

ட்ரிகரின் கடினமும் கணக்கில் வர வேண்டும். 642 போன்ற ரிவால்வரில் ட்ரிகரை இழுக்க சுமார் 5 கிலோ எடையைத் தூக்கும் விசை வேண்டும். துப்பாக்கியின் எடையோ அரைக் கிலோவுக்கும் குறைவு. தன்னைவிடப் பத்து மடங்கு விசை ஒரு பக்கத்திலிருந்து இழுக்கும்போது இலேசான துப்பாக்கி அசையாமல் நிற்காது. கனமான துப்பாக்கி தன் நிலைமத்தாலேயே இந்த அசைவை ஓரளவு எதிர்க்கும். எஃகு ரிவால்வரில் குறி தப்பாமல் போனதற்கு இதுவும் காரணம்.

ஸ்லைடின் சிக்கல்

ரிவால்வர் வேண்டாம், பிஸ்டல் வாங்கலாம் என்றால் வேறொரு தடை வரும். பிஸ்டலின் மேல்பகுதியான ஸ்லைடைப் பின்னால் இழுத்து விட்டால்தான் முதல் தோட்டா குழலுக்குள் ஏறும். சிறிய பிஸ்டலில் இது சுலபமாக இருக்கும் என்று எண்ணுவது இயல்பு. பெரும்பாலும் நேர்மாறாகவே இருக்கும்.

சுட்டவுடன் ஸ்லைடு வேகமாகப் பின்னால் பாயும். அதைத் தடுத்துத் திருப்பி அனுப்புவது சுருள்வில். பெரிய பிஸ்டலில் ஸ்லைடு கனமானது, ஆகவே மெதுவாகப் போகும், நிற்பதற்குத் தூரமும் அதிகம். சிறிய பிஸ்டலில் ஸ்லைடு இலேசு, தூரமும் குறைவு. அதனால் வில்லை இறுக்கமாக வைத்தாக வேண்டும். குழலும் ஸ்லைடும் பூட்டிக்கொள்ளாத எளிய வகைப் பிஸ்டல்களில் ஸ்லைடின் எடையும் வில்லும் மட்டுமே வெடிப்பைத் தாக்குப்பிடிப்பதால் வில் இன்னும் கடினம். சின்னத் தோட்டா போட்டும் அவை வெடுக்கென்று உதைப்பதற்குக் காரணமும் இதுவே. ஜான் பிரௌனிங் வகுத்த முறையில் குழலும் ஸ்லைடும் சிறிது தூரம் பூட்டியபடியே சேர்ந்து பின்வாங்கிப் பிறகு பிரிகின்றன. அதனால் அதில் இலேசான வில் போதும், உதையும் கூடுதல் நேரத்தில் பரவும்.

ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 2018-இல் கொண்டுவந்த ஷீல்ட் ஈஸி இந்தக் கணக்கைப் பயன்படுத்திக்கொண்டது. சிறிய .380 தோட்டாவுக்குப் பூட்டும் குழல், இலேசான வில், சற்று நீளமான உடல். எடை 520 கிராமை ஒட்டி இருக்கும். அதே .380 தோட்டாவைச் சுடும் மிக இலேசான பிஸ்டல்கள் 300 கிராமுக்கும் கீழே. கூடுதலான 200 கிராமும் கூடுதல் நீளமும் சேர்ந்துதான் விரல்வலி, மூட்டுவலி உள்ளவர்களும் கையாளக்கூடியதாக அதை ஆக்குகின்றன.

பிடி தளர்ந்தால் பிஸ்டல் மக்கர் செய்வதற்கும் காரணம் எடைதான். ஸ்லைடு முழுதாகப் பின்னால் போய் உறையை வெளியே தள்ள, துப்பாக்கியின் உடல் அசையாமல் இருக்க வேண்டும். மணிக்கட்டு தளர்ந்து உடலும் கூடவே பின்வாங்கினால் ஸ்லைடு பாதி வழியில் நின்றுவிடும். கனமான உடல் தானாகவே இடத்தில் நிற்கும். இலேசான பிளாஸ்டிக் உடலோ கையின் இறுக்கத்தையே நம்பியிருக்கிறது.

தோட்டா என்னும் மூன்றாவது வழி

எடையைக் கூட்டாமலே உதையைக் குறைக்க ஒரு வழி உண்டு. தோட்டாவைச் சிறியதாக்குவது. இந்தியாவிலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. 2014 ஜனவரியில் கான்பூர் படைக்கல ஆலை, பெண்களை மனத்தில் வைத்து 'நிர்பீக்' என்ற ரிவால்வரை வெளியிட்டது. எடை 500 கிராம், அப்போதைய விலை ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய்க்கு மேல். எடை குறைவு என்பதைத்தான் பல செய்திகள் பாராட்டின. ஆனால் கையைக் காப்பாற்றுவது அதன் .32 தோட்டா. அதன் உந்தம் நாம் பார்த்த .38 தோட்டாவினுடையதில் ஏறத்தாழ பாதிதான். அரைக் கிலோ நிர்பீக் பின்வாங்கும் வேகமும், ஒரு கிலோ எஃகு ரிவால்வர் பின்வாங்கும் வேகமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். இதற்கு எதிர்முனையில், ஸ்காண்டியம் கலந்த அலுமினியத்தில் 350 கிராமுக்கும் குறைவான எடையில் செய்து .357 மேக்னம் தோட்டாவைப் போடும் ரிவால்வர்கள் அமெரிக்காவில் கிடைக்கின்றன. அவற்றின் உதையில், சுழல் அறைகளில் காத்திருக்கும் மற்றத் தோட்டாக்களின் குண்டுகளே நிலைமத்தால் உறையிலிருந்து முன்னால் நழுவி, உருளையைச் சிக்கவைத்துவிடுவது உண்டு.

பெரிய தோட்டாதான் பாதுகாப்பு என்ற வாதத்துக்கு அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் அனுபவமே பதில். 1986 ஏப்ரலில் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் இரண்டு அதிகாரிகளை இழந்த பிறகு, அது 10 மி.மீ. தோட்டாவுக்குத் தாவியது. உதை அதிகம் என்று பிறகு மருந்தைக் குறைத்தார்கள். அந்தக் குறைந்த வீரியத்தை ஒட்டியே 1990-இல் .40 தோட்டா பிறந்தது. 2014-இல் எஃப்.பி.ஐ. பயிற்சிப் பிரிவு 9 மி.மீ. தோட்டாவுக்கே திரும்பலாம் என்றது. உதை குறைந்த தோட்டாவில் பெரும்பாலானோர் வேகமாகவும் குறிதவறாமலும் சுடுகிறார்கள் என்பது அது சொன்ன காரணங்களில் ஒன்று. முழுநேரப் பயிற்சி பெற்றவர்களுக்கே இதுதான் நிலை.

எப்படித் தேர்ந்தெடுப்பது?

இலேசான துப்பாக்கிகளால் பயனே இல்லையா என்றால், உண்டு. நாள் முழுவதும் இடுப்பிலோ பையிலோ சுமப்பவருக்கு ஒவ்வொரு நூறு கிராமும் பாரம்தான். சுமப்பதற்கு இலேசு வேண்டும், சுடுவதற்குக் கனம் வேண்டும். வீட்டில் வைத்துக்கொள்ளவும் பயிற்சி பெறவும் மட்டுமே வாங்குபவருக்கு இலேசு என்பது ஒரு நன்மையே இல்லை. சுமக்கத்தான் வேண்டும் என்பவருக்கும் 500 முதல் 700 கிராம் வரையுள்ள, மூன்று விரலும் முழுதாகப் பிடிக்கக்கூடிய பிஸ்டல், 300 கிராம் பொம்மை அளவுப் பிஸ்டலைவிட நல்ல சமரசம்.

கடையில் செய்யக்கூடிய சோதனைகள் எளியவை. துப்பாக்கி காலியா என்று இரண்டு முறை சரிபார்த்த பிறகு, குழல் முன்கையின் நேர்கோட்டில் இருக்கும்படி பிடிக்க வேண்டும். அந்த நிலையிலேயே ஆள்காட்டி விரலின் முதல் கணுவுக்கு முன்பகுதி ட்ரிகரின் நடுவில் பதிய வேண்டும். ஸ்லைடைத் தொடர்ந்து பத்து முறை இழுத்துப் பார்க்க வேண்டும். முதல் முறை யாருக்கும் வந்துவிடும், பத்தாவது முறைதான் உண்மை சொல்லும். பிறகு சுடுதளத்தில் நாலைந்து மாதிரிகளை வாடகைக்கு எடுத்துச் சுட வேண்டும். அமெரிக்காவில் பல சுடுதளங்களில் இந்த வசதி உண்டு. .22 தோட்டாவில் தொடங்கினால் பயம் படியாது. முக்கியமாக, இத்தனையையும் செய்ய வேண்டியவர் அதைப் பிடிக்கப் போகிறவர். கணவரின் கை எவ்வளவு அனுபவப்பட்டதாக இருந்தாலும் மனைவியின் தசைகளை அதனால் உணர முடியாது.

எதை வாங்குவது என்பதற்கும் முன்னால் எழ வேண்டிய, வாங்கலாமா என்ற கேள்விக்கும் அளவீடுகள் இருக்கின்றன. கலிஃபோர்னியாவில் கோடிக்கும் மேற்பட்டவர்களைப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின்தொடர்ந்து ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 2022-இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். கைத்துப்பாக்கி வைத்திருப்பவருடன் ஒரே வீட்டில் வாழ்பவர்கள் கொலையாகும் வீதம், துப்பாக்கி இல்லாத வீடுகளில் இருப்பவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல். வீட்டுக்குள் இணையராலேயே சுடப்பட்டு இறக்கும் வீதம் சுமார் ஏழு மடங்கு. அப்படி இறந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மனைவியின் பாதுகாப்புக்கு என்று சொல்லி வாங்கும் எவரும் இந்த எண்களையும் தராசில் வைத்தாக வேண்டும்.

குழந்தைகள் உள்ள வீடு என்றால் இன்னொரு அளவீடும் உண்டு. ட்ரிகர் கடினமாக இருந்தால் குழந்தையால் இழுக்க முடியாது என்று பலர் நம்புகிறார்கள். 1995-இல் வெளியான குழந்தை மருத்துவ ஆய்வு ஒன்று இதைச் சோதித்தது. இரண்டு ஆள்காட்டி விரல்களையும் சேர்த்து இழுத்தால், மூன்று நான்கு வயதுக் குழந்தைகளில் நூற்றுக்கு 25 பேரும், ஐந்து ஆறு வயதில் 70 பேரும், ஏழு எட்டு வயதில் 90 பேரும் 10 பவுண்டு, அதாவது நாலரைக் கிலோ விசையைத் தந்தார்கள். தாயின் சிறிய கைக்கு ஏற்றதாகத் தேர்ந்தெடுத்த இலேசான ட்ரிகர் குழந்தைக்கும் ஏற்றதுதான். எனவே துப்பாக்கி வாங்கும் நாளிலேயே பூட்டுப் பெட்டியும் வாங்குங்கள். துப்பாக்கியைக் காலி செய்து அதில் பூட்டுங்கள், தோட்டாக்களை வேறிடத்தில் தனியே பூட்டுங்கள். இதற்கு இடமில்லாத வீட்டுக்கு எந்த எடையுள்ள துப்பாக்கியும் பொருந்தாது.